வாடகைக்குப் போன நாற்காலிகள்

மே 6

தம்பிக்கு,

என் எண்ணை உன் போனில் வராதபடி அடைத்து வைத்திருக்கிறாய். வைத்துக்கொள். காகிதத்தை அடைக்க வழி இல்லை. உன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டினாலும் வழியில் பிரித்துப் படிக்கிற மனுஷன், அதனால் ஒட்டவில்லை.

உனக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருக்கிறதாம். மாதக் கடைசியில் விமானமாம். பார்சல் கிடங்கு வேலையை விடப்போகிறாயாம். நேற்று சாப்பாட்டில் உன் அண்ணன் வாய்க்கு ஒன்றாகச் சொன்னார். பாஸ்போர்ட்டை அவர்களிடமே கொடுத்துவிட்டாய் என்பது கடைசி வாய்க்கு வந்தது.

வாழ்த்துவேன் என்று நினைத்திருந்தால் இதோடு மடித்து வைத்துவிடு.

மூடுகிற ஆபீஸில் மேசை நாற்காலி வாங்கித் திறக்கிற ஆபீஸுக்கு விற்கிற பொம்பளைக்கு என்ன தெரியும் என்று என் கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாய். எனக்குத் தெரிந்தது இதுதான். ஒரு பழைய மேசை வாங்குவதற்கு முன் அதைக் கவிழ்ப்பேன், காலை ஆட்டுவேன், இழுப்பறையை இழுத்து மூடுவேன், கறையான் இருக்கிறதா என்று நகத்தால் கீறுவேன். குறை தேடுவேன். வாங்குகிறவன் குணம் அது. உன்னை வேலைக்கு எடுத்தவன் உன்னிடம் என்ன குறை தேடினான்? ஒரே நாளில் எடுத்துவிட்டான் என்று உன் அண்ணன் பெருமையாகச் சொல்கிறார். எனக்கு அந்த இடம்தான் உதைக்கிறது.

அங்கே போய் என்ன வேலை? விசாவில் என்ன எழுதியிருக்கிறது? அந்தக் கம்பெனிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த ஆள் ஒருத்தனையாவது நீ பார்த்தாயா? போன ஆளைக் கேட்கவில்லை. திரும்பி வந்த ஆளை.

பதில் எழுது. எழுதாவிட்டால் நேரில் வருவேன். நான் நேரில் வந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

அண்ணி

மே 9

அண்ணி அவர்களுக்கு,

நீங்கள் நேரில் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். போன வருஷம் நீங்கள் நேரில்கூட வரவில்லை, போன்தான் செய்தீர்கள். ஏ.சி. கம்பெனியில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை உறுதியாகியிருந்தது. அவர்களுடைய மேனேஜரைக் கூப்பிட்டு, "உங்க கம்பெனி நிஜமா, இல்ல கூத்தா? ஆபீஸைப் போட்டோ எடுத்து அனுப்புங்க பாப்போம்" என்று கேட்டீர்கள். மறுநாள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கம்பெனி இன்றைக்கும் நடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் பஸ் போகிறது. அந்த இடம் வரும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படிக்காமலே கிழித்தேன். என் வீட்டுக்காரி பொறுக்கி எடுத்து ஒட்டிக் கொடுத்தாள். அவளுக்காகத்தான் இந்தப் பதில்.

நீங்கள் தேடுகிற ஓட்டை இங்கே கிடையாது. இவர்கள் என்னிடம் ஒரு காசுகூடக் கேட்கவில்லை. விமான டிக்கெட் அவர்கள் செலவு, தங்கும் இடம் அவர்கள் செலவு. ஏமாற்றுகிறவன் முதலில் பணம்தானே கேட்பான்? ஆபீஸ் மூன்றாவது மாடியில், கண்ணாடிக் கதவு, உள்ளே குளுகுளு என்று இருக்கிறது. உங்கள் கடை மாதிரி நுழைந்ததும் தும்மல் வராது. முதுகு உயரமான நீல நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். வந்தவர்களை உட்கார வைத்துத்தான் பேசுகிறார்கள். ஒரு நாற்காலியின் கையில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது, அதை வைத்து எதையாவது கிளப்பிவிடாதீர்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண் என்னை "சார்" என்றாள். மூன்று வருஷம் உங்கள் கடையில் இருந்தேன். வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் "நம்ம பையன் தூக்கி வைப்பான்" என்றீர்கள். பட்டம் வாங்கிய கொழுந்தன் உங்களுக்குப் பையன்.

வேலை கம்ப்யூட்டரில் பதிவு செய்வது. விசா முதலில் சுற்றுலா விசாதான், அங்கே போனதும் மாற்றித் தருவார்கள். எல்லோருக்கும் அப்படித்தானாம். கிடங்கில் இப்போதே சொல்லாதீர்கள், பொறாமையில் யாராவது கெடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். பொறாமைக்காரர்களைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னார்களோ.

வாடகைக்குக் கொடுத்த அலமாரிக்குக்கூட இரண்டாவது சாவியை உங்கள் இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறவர் நீங்கள். யாரையும் நம்பிப் பழக்கமில்லாதவர்களிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேச எனக்கு நேரமில்லை. 29ஆம் தேதி காலை விமானம். அதற்குப் பிறகு அண்ணனுக்கும் தபால் வேலை இருக்காது.

இப்படிக்கு,
பையன்

மே 10

தம்பி,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்தேன். கறுப்பு டேப் என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த டேப்பைச் சுற்றியது நம் லோடுமேன். நீ போன பிறகு வாங்கிய சரக்கு, அதனால் உனக்கு அடையாளம் தெரியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ் மூடினார்கள், அங்கே எடுத்தது. முதுகு உயரம், நீலத்துணி, கைப்பிடியில் ஒன்று விரிசல். போன மாதம் ஒருத்தன் வந்தான். ஷூவில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. பயிற்சி வகுப்பு நடத்துகிறானாம், ஒரு மாதத்துக்கு வாடகைக்கு வேண்டுமாம். "வாங்கிக்குங்க, குறைச்சுத் தரேன்" என்றேன். "இல்லம்மா, வாடகையே போதும்" என்றான். ஒரு நாற்காலியில்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. மேசை, நாற்காலி, ஒரு இரும்பு அலமாரி எல்லாம் சேர்த்து ஏற்றிவிட்டேன்.

ஊரில் தங்கப்போகிறவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பான், தம்பி. முதுகு வலிக்குமா என்று சாய்ந்து பார்ப்பான்.

சாமான் திரும்ப வேண்டிய நாளைக் கடைப் பலகையில் எழுதி வைப்பேன், உனக்குத் தெரியும். 28ஆம் தேதி சாயந்திரம் என்று எழுதியிருக்கிறது. உன் விமானம் 29 காலை. நீ விமானம் ஏறும்போது அந்த மூன்றாவது மாடியில் வெறும் தரைதான் இருக்கும். அங்கே போய் உனக்கு ஒரு கஷ்டம் என்றால் உன் பெண்டாட்டி எந்தக் கதவைத் தட்டுவாள்?

நான் சொல்வதை நம்ப வேண்டாம். அடுத்த முறை அங்கே போகும்போது உட்கார்ந்த நாற்காலிக்கு அடியில் கையை விட்டுப் பார். வாடகைக்குப் போகிற சாமானில் அடையாளத்துக்கு நாம் என்ன அடிப்போம்? சைக்கிள் டியூப் துண்டு, சின்ன ஆணி. எத்தனையோ சாமானுக்கு நீயே உன் கையால் அடித்திருக்கிறாய். விற்ற சாமானாக இருந்தால் அதைப் பிடுங்கியிருப்பேன்.

காசு கேட்கவில்லை என்று குதிக்கிறாய். கடைக்காரியிடம் இதைச் சொல்லாதே. ஒருத்தன் டிக்கெட் போடுகிறான், தங்க இடம் கொடுக்கிறான், உன்னிடம் எதுவும் வாங்கவில்லை என்றால் அவன் வேறு யாரிடமோ வாங்கப்போகிறான். அங்கே விற்கிற சரக்கு நீ. அந்தப் பக்கம் இறக்கியதும் பூட்டி வைத்து, போனில் ஊராரை ஏமாற்றுகிற வேலையைச் செய்ய வைக்கிறார்களாம். அப்படிப் போய் மாட்டினவனின் அக்கா ஒருத்தி என்னிடம் தையல் மேசை வாங்கினாள். இரண்டு வருஷமாகத் தம்பி குரல் கேட்கவில்லை என்றாள்.

பாஸ்போர்ட்டை வாங்கு.

அண்ணி

மே 13

அண்ணி அவர்களுக்கு,

கையை விட்டுப் பார்த்தேன். டியூப் துண்டு இருக்கிறது. சந்தோஷமா?

அதனால் என்ன நிரூபணமாகிவிட்டது? அவர்கள் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். புதிதாகத் திறக்கிற நல்ல கம்பெனிகள்கூட வாடகைக்கு எடுக்கின்றன, நானே எத்தனை இடத்தில் இறக்கியிருக்கிறேன். சரி, நீங்கள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் திருடனுக்குக் கடை போட்டுக் கொடுத்தது யார்? அந்த நீல நாற்காலிகளைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். தரையில் உட்காரச் சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். மேசை வாங்கும்போது கறையான் தேடுகிற நீங்கள், வாடகைக்கு வந்தவனிடம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? பயிற்சி வகுப்பு என்றதும் வாயை மூடிக்கொண்டீர்கள். உங்கள் மோப்பமெல்லாம் என் வேலையின் மேல்தான், உங்கள் வியாபாரத்தின் மேல் இல்லை.

நான் தனியாகப் போகவில்லை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களைக் கூட்டி வரச் சொன்னார்கள். கிடங்கில் என்னோடு சுமை இறக்குகிற நெட்டையனைக் கூட்டிப் போனேன். எடுத்துவிட்டார்கள். அவன் பெண்டாட்டி என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்து அழுதாளாம், இந்த உதவியை மறக்கமாட்டோம் என்று. உங்கள் வாழ்க்கையில் யாராவது உங்கள் கையைப் பிடித்து அப்படி அழுதிருக்கிறார்களா?

21ஆம் தேதி காலை போகிற எல்லோரையும் கூட்டிப் பேசுகிறார்கள். அந்தப் பக்கம் உங்கள் நிழல் விழக்கூடாது. விழுந்தால் எனக்கு அண்ணன் மட்டும்தான், அண்ணி இல்லை.

உங்கள் கொழுந்தன்

மே 14

வாடகை வாங்கினேன், ஆமாம். கேட்காமல் கொடுத்தேன், அதுவும் ஆமாம். உன் கடிதத்தில் உருப்படியான இடம் அது ஒன்றுதான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஏ.சி. கம்பெனி விஷயத்தை எத்தனை தடவை இழுப்பாய்? ஒரு கேள்விக்கே பயந்து ஆளை வேண்டாம் என்கிற மேனேஜரிடம் நீ எத்தனை நாள் குப்பை கொட்டியிருப்பாய்?

என் கையைப் பிடித்து யாரும் அழவில்லை. அழ வைக்கிற மாதிரி நான் யாரையும் எங்கேயும் அனுப்பியதில்லை.

இதற்கு மேல் புத்தி சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று செய். நாளைக்குப் போய், பேங்கில் கேட்கிறார்கள், ஒரு நாளைக்கு மட்டும் பாஸ்போர்ட் வேண்டும், மறுநாள் தந்துவிடுகிறேன் என்று கேள். சிரித்த முகமாகக் கேள், சண்டை போடாதே. நேர்மையானவனாக இருந்தால் இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பான். அது உன் சொத்து, அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கொடுத்துவிட்டான் என்றால் எனக்கு எழுது. கடை வாசலில், நீ நின்று கத்திய அதே இடத்தில், லோடுமேன்கள் முன்னால், நான்தான் முட்டாள் என்று சத்தமாகச் சொல்கிறேன். உன் அண்ணன் சாட்சி. அவருக்கு அந்தக் காட்சியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, முகத்தில் தெரிகிறது.

அண்ணி

மே 17

அண்ணிக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக வைத்திருந்தேன்.

கேட்டேன். வாசலில் இருக்கும் பெண், பாஸ்போர்ட் தூதரகத்தில் இருக்கிறது என்றாள். சரி என்று வந்துவிட்டேன். படி இறங்கும்போது சுற்றுலா விசாவுக்கு இத்தனை நாளா என்று தோன்றியது. திரும்பி ஏறிப் போய் நீங்கள் எழுதிய அந்த ஷூக்காரனிடம் கேட்டேன். தலைமை ஆபீஸுக்கு அனுப்பியாச்சு என்றான். "இவங்க தூதரகம்னு சொன்னாங்களே சார்" என்றேன். அவன் அந்தப் பெண்ணைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை. அப்புறம் என் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப் போனான். "தம்பி, உனக்கு யாரோ காதுல ஓதியிருக்காங்க. இப்ப வேண்டாம்னா டிக்கெட் செலவு, விசா செலவு எல்லாம் நீதான் கட்டணும். உன் வீட்டு விலாசம் எங்ககிட்ட இருக்கு" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். என் வீட்டு விலாசத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நெருங்கிய சொந்தம் எத்தனை பேர், வெளிநாட்டில் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டிருந்தார்கள். குடும்பத்தின் மேல் அக்கறை என்று அன்றைக்கு நினைத்தேன்.

உங்கள் பேச்சு மண்டைக்குள் புகுந்ததில் இருந்து எதையும் நேராகப் பார்க்க முடியவில்லை. உங்களால் வந்த வியாதி இது.

நெட்டையனிடம் சொன்னேன். "உனக்கு என்னைப் பாத்துப் பொறாமை. கூட்டிட்டுப் போய் விட்டுட்டு இப்ப பயம் காட்டுறியா?" என்றான். அது நான் உங்களுக்கு எழுதியதுதான், வார்த்தை மட்டும் வேறு.

கிடங்கு வேலையை நான் இன்னும் விடவில்லை. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும்.

உங்களிடம் உதவி கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மே 18

தம்பி,

நீ கேட்கவில்லை. நானும் உனக்காகச் செய்யவில்லை. என் சாமானை நான் எடுத்துவரப் போகிறேன், அதில் உனக்கென்ன.

காவல் நிலையத்துக்குப் போனேன். "என்னம்மா தொலைஞ்சுது?" என்றார் மேசையில் இருந்தவர். "இன்னும் தொலையலைங்க" என்றேன். "அப்ப தொலைஞ்ச பிறகு வாங்க" என்றார். அந்த மேசையின் ஒரு கால் ஆடுகிறது. மாற்றித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். அசையவில்லை. புகாரை மட்டும் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்.

21ஆம் தேதி காலை எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது லாரியோடு வருவேன். பயிற்சி வகுப்பு என்று சொல்லி எடுத்த சாமான், வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் அன்றைக்கே திருப்பி எடுப்பேன் என்பது என் கடை வழக்கம். அந்த ஷூக்காரனும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறான், படிக்காமல் போட்டான்.

பாஸ்போர்ட் எங்கேயும் போயிருக்காது. ஒரு மாதத்துக்கு ஆபீஸ் எடுத்தவன், விலை உள்ளதைப் பூட்டி வைக்க என்ன செய்வான்? ஒரே ஒரு அலமாரிதான் எடுத்தான். என் அலமாரி. இரண்டாவது சாவி என் இடுப்பில் இருக்கிறது என்று நீ எழுதியது எனக்கு மறக்கவில்லை. ரொம்ப வலித்தது. இப்போது வலிக்கவில்லை.

நீ அங்கே உட்கார்ந்திரு. என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. நானும் காட்டிக்கொள்ள மாட்டேன், பயப்படாதே. எனக்கு நீ இல்லை, உனக்கு நான் இல்லை.

அண்ணி

மே 22

அண்ணிக்கு,

நேற்று நீங்கள் சாமானை ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டீர்கள். அங்கே நடந்ததில் பாதியை நீங்கள் பார்க்கவே இல்லை, நாற்காலியைச் சரிபார்ப்பதில் குறியாக இருந்தீர்கள். அதை எழுதுகிறேன்.

லோடுமேன் முதல் வரிசைக்கு வந்து, "எந்திரிங்க சார், நாற்காலி வீட்டுக்குப் போகுது" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஏதோ ஏற்பாடு என்று நினைத்து ஒவ்வொருத்தராக எழுந்து சுவரோரமாக நின்றார்கள். ஷூக்காரன் ஓடி வந்து, "மேடம், 28ஆம் தேதிதானே?" என்றான் உங்களிடம். அந்த ஒரு வார்த்தையில்தான் சிலருக்கு முகம் மாறியது. ஆபீஸுக்கே ஒரு கடைசித் தேதி இருக்கிறது என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது.

அப்புறம் அலமாரி. "காலி பண்ணித் தரேன், வெளியே இருங்க" என்று அவன் குறுக்கே நின்றான். "என் அலமாரியைத் திறக்க உங்கிட்ட எதுக்கு உத்தரவு?" என்று நீங்கள் சாவியைப் போட்டீர்கள். கட்டுக்கட்டாக ரப்பர் பேண்டு போட்டு அத்தனை பாஸ்போர்ட்டும் உள்ளே இருந்தன. பின்னால் நின்ற ஒரு பெண் மெதுவாக, "தூதரகத்துல இருக்குன்னீங்களே சார்" என்றாள். ஷூக்காரன் தன்னிடமிருந்த அலமாரிச் சாவியை மேசையில் போட்டுவிட்டு, கீழே போய் ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று லிஃப்டில் போனான். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.

கட்டைப் பிரித்து அவரவர் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டோம். நீங்கள் பார்க்காதது இதற்கு அப்புறம். நீங்கள் இறங்கிப் போனதும் பாதிப்பேர் உங்களைத்தான் திட்டினார்கள். "நல்லா போயிட்டிருந்ததை இந்தம்மா வந்து கெடுத்துட்டா" என்றார் ஒருத்தர். வேலையை விட்டுவிட்டு வந்தவராம். கையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே, விமானம் எப்போது என்று அந்த வாசல் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் இது முதல் வேலையாம், அவளுடைய பாஸ்போர்ட்டும் அந்தக் கட்டில்தான் இருந்தது.

தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள மாட்டேன் என்று எழுதினீர்கள். அலமாரியைத் தூக்கும்போது என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கே நினைவிருக்காது. "நீ விடு, என் கொழுந்தன் பிடிச்சுக்குவான்" என்றீர்கள், லோடுமேனிடம். அத்தனை பேர் முன்னால். நானும் பிடித்தேன். அதற்காக நான் உருகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். ஏ.சி. கம்பெனி கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

எழுத வந்தது வேறு. ஷூக்காரன் நெட்டையனைப் போனில் பிடித்துவிட்டான் என்று நெட்டையன் பெண்டாட்டி என் வீட்டுக்காரியிடம் சொன்னாளாம். ஆபீஸை மாற்றுகிறோம், கூட்டத்தில் வம்பு செய்தவர்களைக் கழித்துவிட்டோம், நீ மட்டும் வா என்றானாம். வரும் செவ்வாய்க்கிழமை விமானமாம், முன்பைவிடச் சீக்கிரம். நெட்டையன் தன் பாஸ்போர்ட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறான். திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்வார்களாம். பஸ் ஸ்டாண்டில், அண்ணி. இப்போது அவர்களுக்கு நாற்காலிகூடத் தேவைப்படவில்லை.

அவன் என் எண்ணை அடைத்துவிட்டான். கிடங்கிலும் என்னைக் கண்டால் வேறு பக்கம் போகிறான். நான்தான் அவனைக் கூட்டிப் போனேன். கேட்காதவனிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் எப்படி எழுதினீர்கள்?

மே 23

தம்பி,

எப்படி எழுதினேன் என்றால், நீ என்னை வெறுப்பாய் என்று முடிவு கட்டிவிட்டு எழுதினேன். அதற்கப்புறம் எழுதுவது சுலபம்.

நல்ல பேரையும் வைத்துக்கொண்டு அவனையும் நிறுத்த உன்னால் முடியாது. நீ கூட்டிப் போனபோது அவன் பெண்டாட்டி உன் வீட்டுக்காரியின் கையைப் பிடித்து அழுதாள், அந்த நல்ல பேர் உனக்கு இனிப்பாக இருக்கிறது. அதைத் தூக்கிப் போடு. அவன் வீட்டுக்குப் போ. போன் செய்யாதே, வாசலில் போய் நில். அவன் கேட்கமாட்டான், அதனால் அவனிடம் மட்டும் பேசாதே, வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசு. தூதரகம் என்றதையும் தலைமை ஆபீஸ் என்றதையும் சொல். என் அலமாரியைச் சொல். பஸ் ஸ்டாண்டில் வேலை கொடுக்கிற கம்பெனி எது என்று அவன் பெண்டாட்டியைக் கேள். அடிப்பான். வாங்கிக்கொள். திருப்பி அடிக்காதே, அடித்தால் பேச்சு அடியைப் பற்றிப் போய்விடும்.

இந்தத் தடவை கெட்ட பேர் உன் முறை. என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, அதை உனக்கு இரவல் தர முடியாது.

நீல நாற்காலிகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். நேற்று ஒருத்தர் வாடகைக்குக் கேட்டார். "யார் உக்காரப்போறாங்க?" என்றேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்றார். வெளியே அனுப்பினேன். உன் அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இன்னொருத்தி வந்தாள், குழந்தைகளுக்கு டியூஷன் என்றாள். நேரில் போய் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். உன் கடிதத்தால் எனக்கு நடை அதிகம்.

உன் அண்ணன் இந்தக் கடிதத்துக்குப் பதில் வாங்காமல் வரமாட்டேன் என்கிறார். அவருக்கு இந்தத் தபால் வேலை பிடித்துப்போய்விட்டது.

அண்ணி

மே 25, திங்கள்

அண்ணி,

அண்ணன் வாசலில் நிற்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

போனேன். நீங்கள் சொன்ன மாதிரியே வாசலில் நின்று சத்தமாகப் பேசினேன். தெருவே எட்டிப் பார்த்தது. நெட்டையன் இடது கன்னத்தில் ஒன்று வைத்தான். நீட்டமான கை, நன்றாக விழுந்தது. திருப்பி அடிக்கவில்லை. "இனிமே நீ எனக்கு செத்தவன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான். அவன் பெண்டாட்டி உள்ளே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தெருமுனை வரை வந்துவிட்டேன். பின்னால் செருப்புச் சத்தம். அவள்தான், மூச்சு வாங்க ஓடி வந்தாள். முந்தானையில் மறைத்து வைத்திருந்ததை என் கையில் திணித்தாள். "தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கிறேன். அவர் என்னை அடிச்சாலும் பரவாயில்ல. நீங்க வெச்சிருங்க. எங்கயும் விட்டுடாதீங்க" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழவில்லை. திட்டினாள். எல்லாம் உங்களாலதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

நெட்டையனின் பாஸ்போர்ட் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. அடுத்தவன் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கிறவன் யார் என்று எனக்கு எழுதிப் பாடம் நடத்தியவர் நீங்கள். இப்போது நானும் அதைத்தான் செய்கிறேன். செவ்வாய்க்கிழமை தாண்டும் வரை மட்டும். அதற்குப் பிறகு அவன் முகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இன்னொரு அடி வாங்கிக்கொள்கிறேன்.

என் வீட்டில் வைக்க முடியாது. அவன் முதலில் இங்கேதான் வருவான், வந்தால் பெட்டி பெட்டியாகப் புரட்டுவான். அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

சாவி இரண்டும் உங்களிடமே இருக்கட்டும்.